இடப்பக்கத்தில் இருந்தவர்கள்

மருத்துவமனையில் கண் விழித்தபின் மூன்று நாட்கள் நான் என் கணவர்மேல் தீராத கோபத்தில் இருந்தேன். ஊசி போட வருகிற நர்ஸ், தரை துடைக்க வருகிற அம்மா, யார் வந்தாலும் ஒரே புலம்பல்தான். "இவ்வளவு ஆகியும் எங்க வீட்டுக்காரர் வரலை பாருங்க. எட்டிக்கூடப் பார்க்கலை." அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். பிறகு எனக்குப் புலப்படாத ஏதோ ஒரு திசையைப் பார்ப்பார்கள். வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர் வந்திருந்தார். முதல் நாளிலிருந்தே வந்திருந்தார். என் கட்டிலுக்கு இடப்பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, என் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கை எனக்கு இல்லாமல் போயிருந்தது. அந்தப் பக்கமே இல்லாமல் போயிருந்தது. அவர் குரல் மட்டும் அவ்வப்போது காதில் விழும். வராந்தாவில் யாரிடமோ பேசுகிறார், உள்ளே வர மனசில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

நான்காம் நாள் கஞ்சி எடுப்பதற்காகக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவர் வலப்பக்கம் வந்தார். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, பனியிலிருந்து ஆள் வருவதுபோல, முதலில் தோள், பிறகு முகம், பிறகு சாயம் ஏறிய விரல்கள்.

"எப்ப வந்தீங்க?" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் எங்கம்மா போனேன்? மூணு நாளா இங்கதான் குந்திக்கினு இருக்கேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. எங்கள் வீடு செவிலிமேட்டில். டவுனில் ஒரு சின்ன அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் வேலை. அவர் பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். மகன் வெளியூரில் வேலையில் இருந்தான். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது கையில் பிடித்திருந்த கொசுவம் தானாக அவிழ்ந்து தரையில் சரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கூரை மின்விசிறி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மூளையின் வலப்பக்கம் ரத்தம் போகாமல் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். இடது கையும் காலும் தளர்ந்திருந்தன. அவை மெல்ல மெல்லத் தேறும் என்றார். கூடவே இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே என் மூளை மறந்துவிட்டது என்றும் சொன்னார். கண்ணில் குறை எதுவும் இல்லையாம்.

பாதி உலகம் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இருட்டாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருட்டு இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது நமக்கு இருட்டாகவா தெரிகிறது? அதுபோலத்தான். எனக்கு எதுவும் குறையவில்லை. நான் லேசாக, இதமாக, மிதப்பதுபோல இருந்தேன். தட்டில் இரண்டு இட்லி வைப்பார்கள். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்பேன். அவர் தட்டைச் சற்றுத் திருப்புவார். அங்கே இன்னொரு இட்லி பிறக்கும். எனக்கு அது அதிசயமாகக்கூட இல்லை. கனவில் நாம் எதற்கும் காரணம் கேட்பதில்லையே.

ஒரு நாள் போர்வைக்குள் யாருடைய கையோ கிடந்தது. குளிர்ந்து, கனத்து. "யாரோ கையை மறந்து வச்சிட்டுப் போயிருக்காங்க, எடுத்துக் கொடுத்திடுங்க" என்று அவரிடம் சொன்னேன். அவர் அந்தக் கையைத் தூக்கி, விரலில் இருந்த மோதிரத்தைக் காட்டினார். என் கல்யாண மோதிரம். "என் மோதிரத்தை யார் எடுத்துப் போட்டுக்கிட்டது?" என்று கேட்டேன்.

மகன் பத்து நாள் லீவில் வந்து இருந்துவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லைகள் தொடங்கின. எனக்குத் தொல்லையாகத் தெரியவில்லை, அவருக்குத்தான். தலை வாரிக்கொள்வேன், வலப்பாதி மட்டும் படிந்திருக்கும். மஞ்சள் பூசினால் ஒரு கன்னம் மட்டும் மஞ்சள். ஒரு சாயங்காலம் அப்படியே வாசலுக்குப் போய் நின்றிருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தெருமுனையில் டவுன் பஸ் வந்து நின்றது. அதன் பலகையில் 'மேடு' என்று எழுதியிருந்தது. எந்த மேடு என்று போடாமல் விட்டிருக்கிறார்களே, அச்சகத்தில் இப்படி ஒரு பிழை விட்டால் முதலாளி சும்மா விடுவாரா என்று நினைத்துக்கொண்டே உள்ளே திரும்பினேன். திரும்புகையில் இடது தோள் கதவு நிலையில் இடித்து விழுந்தேன். நிலை என்மேல் வந்து மோதியதாகத்தான் எனக்குத் தோன்றியது.

அதன்பிறகுதான் டாக்டர் எங்களை ஒரு சிகிச்சை இடத்துக்கு அனுப்பினார். ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் இரண்டு அறைகள். கூரையிலிருந்து ஒரு ஊஞ்சல், பெரிய ரப்பர் பந்துகள், ஒரு பலகை முழுக்கத் தாழ்ப்பாள்களும் பித்தான்களும் ஜிப்புகளும். மூலையில் நிஜமான ஒரு சமையல் மேடை. ஆக்குபேஷனல் தெரபி என்று சீட்டில் எழுதியிருந்தது. அங்கே சிகிச்சை கொடுக்கிற பெண்ணுக்கு இருபத்தாறு வயதிருக்கும். வாலாஜாபாத் பக்கத்து ஊர்க்காரி. அவள் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தபோது கை நசுங்கி, பிறகு ஒற்றைக் கையால் குளிக்கவும் வேட்டி கட்டவும் பழகியதைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததாகப் பின்னாளில் சொன்னாள்.

என் கணவர் அவளிடம், "ஏதாச்சும் கைத்தொழில் கத்துக் குடுப்பீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. காலையில எழுந்து பல்லு வெளக்குறதுல இருந்து ராத்திரி பாய் போடுற வரைக்கும் அக்கா இன்னா இன்னா செய்வாங்களோ, அத்தனையும் வேலைதானே? அதைத்தான் பார்க்கப் போறோம்" என்றாள்.

அவள் மேசைமேல் ஒரு நூலை நீளமாக வைத்துக் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். "நடுவுல வெட்டுங்கக்கா." நான் சரியாக நடுவில் வெட்டினேன். அவள் இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டாள். ஒன்று விரல் நீளம். மற்றது முழங்கை நீளம். நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு என் கணவர் கொண்டுவந்திருந்த பழைய பத்திரிகை ஒன்றைப் படிக்கச் சொன்னாள். நானே அடித்த பத்திரிகை. வலப்பக்கம் மணமகள் இருந்தாள். அவளுடைய பெற்றோர், பெரியப்பா, தாய்மாமன் எல்லோரும் இருந்தார்கள். மாப்பிள்ளையைக் காணோம்.

"இந்தப் பொண்ணு யாரைக் கட்டிக்கிறா?" என்று கேட்டேன். எனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்பது, இரண்டு மாதம் கழித்து, அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு உறைத்தது.

அவள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். "அது போகலக்கா. அங்கேயேதான் இருக்குது. நீங்க தேடிக்கினு போகணும், அவ்வளோதான்."

கண்ணில் படுகிற மாதிரி அடர்ந்த நிறத்தில் ஏதாவது வேண்டும் என்று அவள் கேட்க, என் கணவர் ஒரு கற்றைப் பட்டு நூலை ரத்தச் சிவப்பில் தோய்த்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசையின் இட ஓரத்தில், வாசல் நிலையின் இடப்பக்கத்தில், குளியலறைக் கண்ணாடியின் இடச் சட்டத்தில் எல்லாம் அந்த நூலை ஒட்டினோம். சிவப்பு தெரிகிறவரை கண்ணை நிறுத்தக் கூடாது என்பதுதான் பாடம். சொல்வதற்கு என்ன, அது ஒரு நாட்டைக் கடந்து இன்னொரு நாட்டுக்குப் போவது மாதிரி. தட்டின் நடுவரை வந்ததும் எனக்குள் ஏதோ 'முடிந்துவிட்டது' என்று சொல்லும். முடியவில்லை என்று நம்பித் தலையைத் திருப்பவேண்டும். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கடைசியில், தண்ணீருக்கடியிலிருந்து மேலே மிதந்து வருவதுபோல, சிவப்பு.

ரவிக்கை போடுவதை முதலிலிருந்து கற்றேன். "உங்க இடது கையை விருந்தாளின்னு நினைச்சிக்கோங்க. போடும்போது அதுக்குத்தான் மொத மரியாதை. கழட்டும்போது கடைசியாத்தான் அனுப்பணும்." புடவைக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மடிப்பையும் துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துக் கொசுவம் வைக்கக் காட்டினாள். முதல் நாள் ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. வேண்டாம், நைட்டியே போதும் என்று நான் அழுதேன். அவள் வற்புறுத்தவில்லை. "சரிக்கா, நாளைக்குப் பார்ப்போம்" என்று கிளிப்புகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். மறுநாள் நானே டப்பாவைக் கேட்டேன்.

வாரத்தில் மூன்று நாள் போவேன். காத்திருக்கும் பெஞ்சில் என் வலப்பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பிள்ளையார்பாளையத்துக்காரி, வீட்டில் தறி நெய்கிறவள். பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். பல வாரம் பழகிய பின் ஒரு நாள் கேட்டுவிட்டேன்: "உனக்கு இன்னாம்மா உடம்புக்கு?"

அவள் திகைத்துப் போனாள். "எனக்கு ஒண்ணுமில்லக்கா. என் பொண்ணுக்காக வர்றேன். தோ, உங்க பக்கத்துலதானே குந்திக்கினு இருக்கா. தெனமும் அங்கதான் குந்துவா."

நான் தலையைத் திருப்பினேன். கற்றுக்கொடுத்தபடி மெதுவாக, விடாமல் திருப்பினேன். என் தோளைத் தாண்டினேன். பெஞ்சின் ஓரம் வந்தது. அங்கே யாரும் இல்லை. பெஞ்சின்மேல் கைவைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"நீங்க திரும்புறதைப் பார்த்து எழுந்து ஓடிட்டா" என்றாள் தாய்.

குழந்தைக்கு ஆறு வயது. யாராவது முகத்தைப் பார்த்தால், நெய்கிறவர் கால் வைக்கிற தறிக் குழிக்குள் இறங்கி ஒளிந்துகொள்வாளாம். தறியின் சத்தம் அவளுக்குப் பிடிக்கும், அதில் தூங்கிப் போவாள். கோயில் வாணம் வெடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மூச்சு நின்றுவிடும்போல அலறுவாள். சீப்பு தலையில் பட்டால் கத்துவாள், அதனால் அவள் தூங்கும்போதுதான் சிக்கெடுப்பார்கள். பித்தான் போட வராது. பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை சேர்த்து இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"எங்கயும் ஒரு நிமிஷம் குந்தமாட்டா. இங்க மட்டும் வந்ததும் உங்க பக்கத்துல வந்து கம்முனு குந்திக்குவா. ஏன்னு எனக்குப் புரியலக்கா."

எனக்குப் புரிந்தது. இந்த ஊரிலேயே அவளைப் பார்க்காத கண்கள் என்னுடையவைதான். என் இடப்பக்கத்தைப்போல் பத்திரமான இடம் அவளுக்கு வேறு கிடைத்திருக்காது. அன்று வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எத்தனை நாள், எத்தனை மணி நேரம், ஒரு குழந்தை என் முழங்கையைத் தொடுகிற தூரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தபோது தேங்காயெண்ணெய் வாசனையும், பாட்டு மாதிரி ஒரு முனகலும் நினைவுக்கு வந்தன. அவற்றை நான் காற்றோடு வந்ததாக நினைத்திருந்தேன்.

சிகிச்சைப் பெண்ணிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. "அவளா வரட்டும்னு விட்டேன்கா. நீங்களும் உங்க வேகத்துலயே போங்க."

அடுத்த வாரம் அவள் ஒரு பெரிய தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி எனக்கு முன்னால் வைத்தாள். அரிசிக்குள் புளியங்கொட்டைகள். நான் அவற்றை இடது கையால் தேடி எடுக்கவேண்டும். புதைத்து வைக்கிற வேலை அந்தக் குழந்தைக்கு. அரிசிக்குள் கை விட்டு அளைவது அவளுக்கும் மருந்துதான், கையில் எது பட்டாலும் பிடிக்காத குழந்தை அல்லவா. அவள் வேண்டுமென்றே இடது ஓரத்தில் புதைப்பாள். நான் காணாத ஊரில்.

முதலில் கண்டது அவள் கையை மட்டும்தான். அரிசிக்குள்ளிருந்து, நகம் கடித்த ஐந்து விரல்கள். நான் அந்த அளவோடு நிறுத்திக்கொண்டு கொட்டையை எடுத்தேன். சில நாள் கழித்து மணிக்கட்டு, அதில் கறுப்புக் கயிறு. பிறகு முழங்கை, அதில் ஆறிய ஒரு சிராய்ப்பு. ஒரு வாரம் மஞ்சள் கவுனின் கை. நாளுக்கு நாள் என் உலகம் இடப்பக்கமாக ஒரு விரல்கடை வளர்ந்தது. வளர்ந்த இடத்திலெல்லாம் அவளே இருந்தாள். தூக்கத்தில்கூட அந்த அரிசியை அளைந்துகொண்டிருப்பேன், வெள்ளையாக, முடிவில்லாமல்.

மழைக்கு முன்னால் வானம் இறங்கியிருந்த ஒரு மதியம், கொட்டை கிடைக்காமல் தேடிக்கொண்டே போனேன். கை வந்தது, மணிக்கட்டு வந்தது, முழங்கை, தோள், கழுத்து. அதற்கு மேல் போகிறேன் என்று நான் நினைக்கவில்லை. திடீரென்று முகம். வட்டமான, கறுத்த, மூக்கு ஒழுகுகிற ஒரு சின்ன முகம். கண்ணிமை மயிர் அவ்வளவு நீளம். அந்தக் கண்கள் நேராக என்னைப் பார்த்தன. அதில் இருந்த பயத்தை நான் பார்த்தேன். இன்னும் ஒரு நொடி பார்த்தால் ஓடிவிடுவாள் என்று தெரிந்தது.

இத்தனை மாதமாக எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று பாடுபட்டேனோ அந்தப் பக்கத்திலிருந்து நான் கண்ணை எடுத்தேன். வலப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மழை விழ ஆரம்பித்திருந்தது. அரிசி சரசரக்கும் சத்தம் நின்றது. ஓடிவிட்டாள் என்று நினைத்தேன்.

என் இடது முழங்கையில் ஏதோ பட்டது. தளர்ந்த கை, இருந்தும் அந்தத் தொடுகை எனக்குத் தெரிந்தது.

"இன்னொரு தபா பாரேன்" என்றாள்.

அவள் தாய் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். சிகிச்சைப் பெண் அவளைக் கையமர்த்தினாள். நான் மெல்லத் திரும்பி இன்னொரு தபா பார்த்தேன். குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டபடியே, "ம்" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகவே பித்தான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தோம். அவள் என்னைவிட வேகமாகக் கற்றாள். நான் கடைசிப் பித்தானை விட்டுவிட்டு எழுந்தால், "இங்க ஒண்ணு இருக்குது" என்று கடுப்போடு சொல்வாள். சமையல் மேடையில் இரண்டு பேரும் டீ போட்டோம். நான் இடது அடுப்பை அணைக்க மறந்தபோது கத்தினாள். அவளுக்கு வந்த கோபத்தில் என் முகத்தை நேராகப் பார்த்தே திட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாவது முறை சேர்க்கும் சமயம் வந்தது. தலையை வாரிப் பின்னாமல் அனுப்ப முடியாது என்று தாய் கவலைப்பட்டாள். சிகிச்சைப் பெண் என்னைப் பார்த்தாள். "ரெண்டு கையும் சேர்ந்து செய்யுற வேலை ஒண்ணு உங்களுக்குத் தரணும்னு இருந்தேன்கா."

முதலில் பல நாள் குழந்தையின் தோளை, பிறகு தலையை உள்ளங்கையால் சற்று அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். லேசாகத் தொட்டால்தான் அவளுக்குக் கூசுமாம், அழுத்திப் பிடித்தால் நிம்மதியாம். என் இடது கை கனமாகத்தானே கிடந்தது. அந்தக் கனம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எத்தனை முறை சீப்பு படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். "பத்து" என்பேன். அவளே எண்ணுவாள். பத்துக்குமேல் ஒன்று போனாலும் எழுந்துவிடுவாள். மூன்று கால் பின்னலில் இடது கால் முடியைப் பிடித்துக்கொள்ள என் விரல்கள் மறந்துபோகும், முடி அவிழும், மறுபடி பத்து. ஒரு நாள் பின்னல் முடிந்தது. கோணலாக, ஒரு காது பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. என் கணவர் கொண்டுவந்த ரிப்பனைக் கட்டினேன். தாய் போனில் படம் எடுத்தாள். பஸ் ஏறுவதற்குள் குழந்தை அதைப் பிய்த்து எறிந்துவிட்டாளாம். மறுநாள் வந்ததும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, "இருவது" என்றாள்.

அவள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஜன்னலோரம், கடைசி வரிசை. வாணம் வெடிக்கும் திருவிழா நாட்களில் இப்போதும் தறிக் குழிக்குள்தான் இருப்பாள், காதில் பஞ்சோடு. கூட்டாளி என்று ஒரு பெண் இருக்கிறாளாம். சிகிச்சைப் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் பத்திரிகையை நான்தான் அடித்தேன். அச்சகத்தில் அரை நாள் வேலைக்குத் திரும்பியிருந்தேன். அதை மட்டும் நான்கு முறை சரிபார்த்தேன். என் இடது கை பாதிக்குமேல் தேறவில்லை. களைத்துப்போன நாட்களில் உலகம் மறுபடி சுருங்கும், முழங்கை சுவரில் இடிக்கும். அந்தப் பழைய இதமான மிதப்பு சில சமயம் என்னைக் கூப்பிடுவதும் உண்டு. அதில் குறையே தெரியாது. எனக்குக் குறை தெரிவதே போதும்.

இன்று காலை சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இடது கை பிடித்துக்கொள்ள, வலது கை உரிக்க, ஒரு கிண்ணம் நிறைய. அவர் வேலைக்குக் கிளம்பி, சட்டை மாட்டி, சாப்பிட உட்கார்ந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

"ஆச்சாம்மா?"

"ஆவுது, இருங்க" என்றேன். இன்னும் பதினேழு வெங்காயம் இருந்தது.